மெதுவா போறது வேற, ஜவ்வா இழுக்கிறது வேற

'டார்க்' பார்த்தாச்சான்னு நம்ம கேம்பஸ்ல யார்கிட்ட கேட்டாலும் மூணு பதில்ல ஒண்ணுதான் வரும்.

"செம சீரிஸ் மச்சி, இந்த மாதிரி ஒண்ணு பார்த்ததே இல்ல."

"ரெண்டு எபிசோட் பார்த்தேன்டா, தூக்கம் வந்துடுச்சு. ஒண்ணுமே நடக்கல."

"1.5 ஸ்பீடுல வெச்சு முடிச்சேன். யார் யாருக்கு அப்பான்னே புரியல."

ஒரே சீரிஸ், ஒரே வயசு, ஒரே சிலபஸ் படிச்ச மண்டைங்க. அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? ரெண்டு கட்சிக்காரங்ககிட்டயும் ரெடிமேட் பதில் இருக்கு. பிடிச்சவங்க, "உனக்கு அறிவு பத்தல" என்பார்கள். பிடிக்காதவங்க, "புரிஞ்ச மாதிரி சும்மா சீன் போடுறீங்க" என்பார்கள். ரெண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. மெதுவாகப் போகும் ஒரு சயின்ஸ் ஃபிக்‌ஷன் தொடரைப் பார்க்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்பதற்கு நாம் படித்த சப்ஜெக்ட்லயே நல்ல விளக்கம் இருக்கிறது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். பெரிய திருப்பம் எதையும் உடைக்க மாட்டேன், பார்க்காதவங்களும் தைரியமா படிக்கலாம்.

முதல்ல, என்ன சீரிஸ் இது?

நெட்ஃபிளிக்ஸ் ஜெர்மன் மொழியில் எடுத்த முதல் சொந்தத் தொடர் 'டார்க்'. உருவாக்கியவர்கள் பாரன் போ ஓடார், யாந்த்ஜே ஃப்ரீஸ. முதல் சீசன் 2017 டிசம்பர் 1, இரண்டாவது 2019 ஜூன் 21, மூன்றாவது 2020 ஜூன் 27. மொத்தம் 26 எபிசோட்.

கதை நடப்பது விண்டன் என்ற கற்பனை ஊரில். ஒரு காடு, ஒரு குகை, ஒரு அணுமின் நிலையம், நாலு குடும்பம். 2019-ல் ஒரு பையன் காணாமல் போகிறான். 33 வருஷத்துக்கு முன்னால், 1986-லும் அதே ஊரில் ஒரு பையன் காணாமல் போயிருக்கிறான். அதற்கும் 33 வருஷம் முன்னால் 1953. மூன்று காலத்துக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஒரே ஆளை மூணு வயசில் மூணு நடிகர்கள் செய்வார்கள், முகத்தை நாமதான் பொருத்திக்கொள்ள வேண்டும். யாரும் உட்கார வைத்து விளக்க மாட்டார்கள். பாதி நேரம் மழை பெய்யும், மீதி நேரம் யாராவது ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டு நிப்பாங்க.

நம்ம பேட்ச்சுக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. 2020 ஜூன் 9-ம் தேதி பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்து, எல்லாரும் பாஸ் என்று அரசு அறிவித்தது. ஜூன் 19-லிருந்து சென்னையிலும், நம்ம செங்கல்பட்டு மாவட்டத்தின் பல பகுதிகளிலும் முழு ஊரடங்கு. அது நடக்கும்போதுதான் மூன்றாவது சீசன் வந்தது. பரீட்சை இல்லை, வெளியே போக முடியாது, இன்னிக்கு என்ன கிழமைன்னே தெரியாது. காலம் குழம்பிப் போன ஒரு கதையைப் பார்க்க அதைவிடப் பொருத்தமான நேரம் கிடைத்திருக்காது. ஆனா அப்பவும் பாதிப் பேர் மூணாவது எபிசோட்லயே நிறுத்திட்டாங்க. அதனால், டைம் இல்லாததுதான் பிரச்சினை என்று சொல்ல முடியாது.

குக்கர் விசிலும் ஷானனும்

வீட்டில் ஓடும் மெகா சீரியலை எடுத்துக்குங்க. ஒரு அறை விழும். அறை வாங்கியவர் முகம் மூணு தடவை ஜூம் ஆகும். பக்கத்தில் நிற்கிற ஏழு பேர் முகமும் ஒவ்வொன்றாக வரும். பிரேக் முடிந்ததும் அதே அறை மறுபடி. அடுத்த நாள் ஆரம்பத்தில் இன்னொரு தடவை. நாம இதைத்தான் 'ஜவ்வு' என்கிறோம்.

இது முட்டாள்தனம்னு நினைச்சிடாதீங்க. இது சரியான கம்யூனிகேஷன் இன்ஜினியரிங். பார்க்கிறவங்க அடுப்படியில் இருக்காங்க. குக்கர் விசில் அடிக்குது, பால்காரர் வராரு, போன் வருது. சேனல் முழுக்க நாய்ஸ். நாய்ஸ் அதிகமா இருக்கும் சேனல்ல தகவல் பத்திரமாகப் போய்ச் சேர ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். 1948-ல் கிளாட் ஷானன் எழுதிய கட்டுரையிலிருந்து நமக்கு வந்த ரிடண்டன்ஸி பாடம் இதேதான். பத்து நாள் சீரியல் பார்க்காமல் ஊருக்குப் போய்ட்டு வந்த பாட்டி, பதினோராவது நாள் உட்கார்ந்ததும் கதையைப் பிடிச்சிடுறாங்க இல்லையா? எரர் கரெக்‌ஷன் அவ்வளவு நல்லா வேலை செய்யுது.

'டார்க்' இதற்கு நேர் எதிர். சுவரில் ஒரு பழைய போட்டோ, கழுத்தில் தொங்கும் ஒரு நாணயம், ஒரு பெயர், ஒரு தழும்பு. ஒரே ஒரு தடவை காட்டுவார்கள். மூணு எபிசோட் கழிச்சு அது வேலைக்கு வரும். சேனல்ல நாய்ஸே இல்லை, நீங்க கவனமா உட்கார்ந்திருக்கீங்க என்று நம்பி அனுப்புகிற சிக்னல் அது. நடுவில் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தீங்கன்னா அந்த பிட் போச்சு. மறுபடி அனுப்ப மாட்டாங்க.

ஷானன் சொன்ன இன்னொரு விஷயமும் இங்கே உதவும். ஒரு செய்தியில் எவ்வளவு தகவல் இருக்கிறது என்பது, அது எவ்வளவு எதிர்பாராதது என்பதைப் பொறுத்தது. அறை விழுந்ததும் ஏழு முகம் வரும்னு நமக்கு முன்னாடியே தெரியும். அதனால அந்த ரெண்டு நிமிஷத்தில் வரும் தகவல் கிட்டத்தட்ட பூஜ்யம். 'டார்க்'கில் ஒருத்தர் சும்மா ஒரு போட்டோவைப் பார்த்துக்கிட்டு நிற்கும் ரெண்டு நிமிஷத்தில், அந்த முகம் யாருன்னு உங்களுக்குப் புரிஞ்சா, அதுவரை போட்டு வெச்ச மொத்தக் கணக்கும் மாறிடும். வெளியிலிருந்து பார்த்தா ரெண்டுமே 'மெது'. உள்ளே ஓடும் டேட்டா ரேட் மட்டும் வேற.

அதனால "ஒண்ணுமே நடக்கல"ன்னு சொல்ற நண்பர் பொய் சொல்லல. அவருக்கு வந்து சேர்ந்ததை வைத்துப் பார்த்தால் ஒண்ணும் நடக்கல என்பது சரியான ரிப்போர்ட்தான். பழுது அவருடைய அறிவில் இல்லை. கையில் போன் இருந்தது, தொடரிடம் எரர் கரெக்‌ஷன் இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு மாமல்லபுரத்திலேயே ஒரு டெமோ இருக்கு. அர்ச்சுனன் தபசுன்னு நாம சொல்ற அந்தப் பெரிய பாறைச் சிற்பம் முன்னாடி பஸ்ஸிலிருந்து இறங்குறவங்க ஒரு குரூப் செல்ஃபி எடுப்பாங்க, ரெண்டு நிமிஷத்தில் வெண்ணெய் உருண்டைப் பாறைக்குக் கிளம்பிடுவாங்க. கேட்டா "யானை இருந்துச்சு" என்பாங்க. அந்த யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கித் தவம் பண்ணும், சுத்தி எலிங்க. மேலே தவம் பண்ற மனுஷனை அந்தப் பூனை கிண்டல் பண்ணுதான்னு யோசிக்க ஆரம்பிச்சீங்கன்னா, மொத்தச் சிற்பமும் வேற மாதிரி தெரியும். பல்லவச் சிற்பி பூனையை ஒரே ஒரு தடவைதான் செதுக்கினான். அம்புக்குறி போட்டுக் காட்டல.

அப்போ எல்லா மெதுவும் நல்லதா?

இல்லவே இல்லை. மெதுவா எடுத்தாலே ஆழம்னு நினைச்சு எடுக்கப்பட்ட காலி டப்பாக்கள் ஓடிடியில் நிறைய இருக்கு. நான் வைத்திருக்கும் டெஸ்ட் இதுதான். ஒரு எபிசோடை மொத்தமா தூக்கிட்டு அடுத்ததைப் பாருங்க. கதை அப்படியே புரிஞ்சா, அது ஜவ்வு. எதுவுமே புரியாமல் திரும்பிப் போக வேண்டி வந்தா, அது மெதுவான கதை. மழையும் வயலினும் எவ்வளவு இருந்தாலும் இந்த டெஸ்ட்டை ஏமாத்த முடியாது.

வாரம் ஒரு நாள் பார்த்த தலைமுறை

மெதுவான கதை நம்ம ஊருக்குப் புதுசுன்னு சிலர் சொல்றாங்க. அவங்க அம்மா, அப்பாகிட்ட 'மர்மதேசம்' பத்திக் கேட்டுப் பார்க்கட்டும். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கி, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரித்து 1990களில் வந்த தொடர். அதில் 'விடாது கருப்பு' பகுதி சன் டிவியில் வாரம் ஒரு நாள் வந்தது. சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனாலும் செய்வது தெய்வமா, மனுஷனா, மனசா என்ற கேள்வியை வாரக்கணக்கில் திறந்தே வைத்திருந்தது. எங்க அம்மா இன்னிக்கும் அதன் டைட்டில் மியூசிக்கைக் கேட்டா கையைத் தேய்ச்சுக்குவாங்க. யார் கருப்புன்னு அடுத்த வாரம் வரைக்கும் தெருவே பேசிக்கிட்டிருக்குமாம். ஆளுக்கொரு தியரி.

சயின்ஸ் ஃபிக்‌ஷனே வேணும்னா சுஜாதா இருக்காரு. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து, பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த நம்ம சீனியர். அவருடைய 'என் இனிய இயந்திரா' ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது. பிறகு தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. நிலா, சர்வாதிகாரி ஜீவா, ஜீனோ என்ற இயந்திர நாய். ஒவ்வொரு வாரமும் 'தொடரும்' போட்டு நிறுத்தினதும் வாசகருக்கு ஏழு நாள் கிடைக்கும். அந்த ஏழு நாளும் சும்மா போகவில்லை. கதையின் ஒரு பகுதி அங்கேதான் ஓடியது, பார்க்கிறவங்க மண்டைக்குள்ள.

இது வெறும் 'அந்தக் காலத்துல...' புலம்பல் இல்லை. 2017-ல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தினர் வெளியிட்ட ஒரு ஆய்வு இருக்கிறது. சுமார் 50 மாணவர்களுக்கு ஆறு எபிசோட் உள்ள ஒரு பிரிட்டிஷ் உளவுத் தொடரைக் காட்டினார்கள். ஒரு குழு ஒரே மூச்சில், ஒரு குழு தினம் ஒன்று, ஒரு குழு வாரம் ஒன்று. மறுநாள் கேட்டபோது ஒரே மூச்சில் பார்த்தவங்கதான் டாப், எல்லாம் ஞாபகம் இருந்தது. 140 நாள் கழிச்சுப் பார்த்தா, அதிக வேகமாக மறந்ததும் அவங்கதான். வாரம் ஒன்று பார்த்தவங்க ஞாபகம் அதிகமா கலையல. இன்னொண்ணு, தொடரை ரசித்ததாகச் சொன்ன அளவும் ஒரே மூச்சுக் குழுவுக்குத்தான் குறைவு. ஐம்பது பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு சொல்ல முடியாதுதான். ஆனா இடைவெளி விட்டுப் படித்தா மனசில் நிற்கும் என்பதை எபிங்ஹாஸ் 1885-லேயே சொல்லிட்டார்.

இதைப் படிச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது சீரிஸ் இல்ல, செமஸ்டர். பரீட்சைக்கு முந்தின ராத்திரி அஞ்சு யூனிட்டையும் ஒரே மூச்சில் முடிப்போம். மறுநாள் பேப்பரில் கொட்டுவோம். பாஸும் ஆவோம். மூணாவது செம்ல வந்த சிக்னல்ஸ் பேப்பரை இன்னிக்கு இன்டர்வியூல கேட்டா நம்மள்ல எத்தனை பேருக்கு வாய் திறக்கும்? நாலு வருஷத்தையும் எட்டு ராத்திரியில் பார்த்து முடிச்ச பேட்ச் நாம.

1.5 ஸ்பீடு

நெட்ஃபிளிக்ஸ் இந்த வேக வசதியைச் சோதிக்குதுன்னு 2019 அக்டோபரில் செய்தி வந்ததும் ஹாலிவுட் இயக்குநர்கள் சிலர் கொதிச்சுட்டாங்க. ஆனாலும் 2020 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டில் அது வந்தது. மெதுவாகவும் ஓட்ட முடியும் என்பதால் காது கேளாதோர் சங்கமும், வேகமாகக் கேட்டுப் பழகினவங்க என்பதால் பார்வையற்றோர் சங்கமும் அமெரிக்காவில் அதை வரவேற்றன. அதனால் ஸ்பீடு பட்டனே பாவம்னு நான் சொல்ல வரல. நெட்வொர்க்ஸ் வீடியோ லெக்சரை நானும் 1.75-லதான் பார்க்கிறேன்.

மெதுவான கதையில் மட்டும் அது எதை வெட்டுது என்று பாருங்க. 1.5-ல் வசனம் புரியும். காது பழகிடும். குறைந்து போவது வசனங்களுக்கு நடுவில் இருக்கும் மௌனம். அந்த மௌனத்தில்தான் "இரு, இவன் முகத்தை எங்கயோ பார்த்திருக்கேனே"ன்னு நீங்க கணக்குப் போடுறீங்க. கெபாசிட்டரை நினைச்சுக்குங்க. ஒரு டைம் கான்ஸ்டன்ட் ஆனதும் 63 சதவீதம்தான் சார்ஜ் ஆகும், கிட்டத்தட்ட முழுசா ஆக அஞ்சு வேணும். பாதியிலேயே பிடுங்கினா டிஸ்சார்ஜ் பண்ணும்போது பொறி வராது. சீசன் கடைசியில் மத்தவங்க வாயைப் பிளக்கும் இடத்தில் நமக்கு "ஓகே, அப்புறம்?" என்று இருந்தா, காரணம் பெரும்பாலும் இதுதான்.

கல்பாக்கத்துக்குப் பக்கத்துல இருந்து பார்க்கிறது

மாமல்லபுரத்திலிருந்து ஈசிஆரில் தெற்கே 15 கிலோமீட்டர் போனா கல்பாக்கம். 'டார்க்' பார்க்கிற வேற ஊர்க்காரங்களுக்கு அணுமின் நிலையம் ஒரு செட். நமக்கு அது பக்கத்து ஊர். அங்கே இரண்டாவது யூனிட் வணிக உற்பத்தியைத் தொடங்கியது 1986 மார்ச்சில். அடுத்த மாசம் செர்னோபில். அந்த வருஷம்தான் விண்டன் கதையின் மைய வருஷமும். சீரிஸில் செர்னோபில் பயம் பேசப்படும்போது, அந்தப் பயம் நம்ம கடற்கரையிலும் அப்போ பேசப்பட்டிருக்கும்னு நினைச்சா கொஞ்சம் சில்லிடும்.

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வளர்ந்த என் கிளாஸ்மேட் ஒருத்தனுக்குக் குகை பயமில்லை. மஞ்சள் பீப்பாய்களைப் பார்த்ததும், "எங்கப்பா இதைப் பார்த்தா டிவியை ஆஃப் பண்ணிடுவாரு"ன்னு சிரிச்சான். அணுக்கழிவு காலத்தில் ஓட்டை போடாது. அது காலத்தை வேற விதமாக நமக்குக் காட்டும். சீசியம்-137 பாதியாகக் குறைய சுமார் 30 வருஷம். புளூட்டோனியம்-239-க்கு சுமார் 24,000 வருஷம். கிட்டத்தட்ட ஒரு விண்டன் சுற்று ஆனாத்தான் சீசியமே பாதியாகும். கற்பனையைவிட இந்த உண்மை எனக்குக் கனமா இருக்கு.

33 வருஷம் என்ற எண்ணும் சும்மா வந்ததில்லை. 12 சந்திர மாதம் சேர்ந்தா சுமார் 354.37 நாள். அப்படி 34 சந்திர வருஷம் ஏறக்குறைய 12,048 நாள். 33 சூரிய வருஷம் ஏறக்குறைய 12,053 நாள். வித்தியாசம் அஞ்சு நாளுக்குள்ள. ரெண்டு காலண்டரும் மறுபடி கைகுலுக்கும் இடம் அது. நம்ம வீட்டுக் காலண்டரிலும் சுற்று உண்டு, பிரபவ முதல் அட்சய வரை 60 வருஷம். 'டார்க்' முடிந்த 2020 ஜூன் எந்தத் தமிழ் வருஷம் தெரியுமா? சார்வரி. வடமொழியில் அந்தச் சொல்லுக்கு இரவு என்று பொருள். தற்செயல்தான். ஆனா 33 வருஷச் சுற்றைக் கேட்டதும் "இதுல என்ன அதிசயம்?"னு நம்ம தாத்தா, பாட்டி சாதாரணமா தலையாட்டுவது ஏன் என்று புரிகிறது.

கல்பாக்கத்தில் இன்னொரு மெதுவான கதையும் ஓடிக்கொண்டிருக்கிறது. 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலை. கட்டுமானம் ஆரம்பித்தது 2004-ல், நம்ம பேட்ச்சில் நிறைய பேர் பிறந்த வருஷம். அந்த டிசம்பர் 26 சுனாமியில் அஸ்திவாரக் குழிக்குள்ளேயே கடல் தண்ணி புகுந்தது. 2010-ல் முடியணும்னு திட்டம். உலைக்குள் கோர் லோடிங் தொடங்கியது 2024 மார்ச் 4-ம் தேதி. இருபது வருஷம். "அங்க ஒண்ணுமே நடக்கல"ன்னு டீக்கடையில் சொல்வதைக் கேட்டிருப்பீங்க. அது மெதுவா, ஜவ்வா? அதே டெஸ்ட்டைத்தான் இங்கேயும் போடணும். ஒவ்வொரு வருஷமும் என்ன புதுசா கத்துக்கிட்டாங்க, எது வெறும் தாமதம்னு பிரிச்சுப் பார்க்கணும். அதைப் பிரிக்கத் தெரியணும்னா முதல்ல கவனிக்கணும். நாளைக்கு நாம போய் உட்காரப் போகும் வேலைகளும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பாலம், சிப், தடுப்பூசி, உலை எதுவுமே முதல் எபிசோடில் கிளைமாக்ஸ் காட்டாது.

சரி, எப்படிப் பார்க்கலாம்?

தினம் ஒரு எபிசோட் போதும். போன் வேற ரூமில் இருக்கட்டும். ஜெர்மன் ஆடியோ, சப்டைட்டிலோட பாருங்க. சப்டைட்டில் படிக்கணும்னா கண் தானா திரையில நிற்கும். பக்கத்தில் ஒரு ஏ4 பேப்பர் வெச்சு நாலு குடும்பத்துக்கும் வம்சாவளி வரைங்க, பென்சில்ல, ஏன்னா அழிக்க வேண்டி வரும். முடிச்சதும் ரூம்மேட்டுடன் பத்து நிமிஷம் சண்டை போடுங்க, யார் யாருன்னு. அந்தப் பத்து நிமிஷம்தான் அம்மா காலத்து ஏழு நாள்.

நாலு எபிசோட் இப்படிப் பார்த்தும் பிடிக்கலையா? தாராளமா நிறுத்துங்க, யாரும் மார்க் குறைக்கப் போறதில்லை. அதுக்கப்புறம் நீங்க "ஒண்ணுமே நடக்கல"ன்னு சொன்னா, அது சீரிஸைப் பத்தின விமர்சனம். போனை கையில வெச்சுக்கிட்டுச் சொன்னா, அது உங்க நெட்வொர்க்கைப் பத்தின கம்ப்ளெயின்ட்.